ஆறாவது மாடியில் காற்றுப் பங்கீடு

ஃபரீதெஸ்: ...நான்தான் சொல்றேனே பொண்ணே, இந்த ரூம்ல காத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஏணியை மடக்கு. வந்ததுக்கு ஒரு டம்ளர் கொரோசோ ஜூஸ் குடிச்சிட்டுக் கிளம்பு.

ஒசீரிஸ்: குறை இல்லைன்னு எனக்கும் தெரியுதுக்கா. கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே.

ஃபரீதெஸ்: இது... இப்ப இதான் ஃபேஷன்.

ஒசீரிஸ்: பர்ரான்கீயாவுலயா? கீழே ரோட்டுல நாய் கூட நிழல் பார்த்துத்தான் நடக்குது. இங்க உங்க மேஜையில பேப்பர் பறக்காம இருக்க அம்மிக்கல்லு மாதிரி ஒண்ணைத் தூக்கி வச்சிருக்கீங்க. அந்த நாற்காலியில பாருங்க, கழுத்துக்குச் சுத்தற மஃப்ளர் தொங்குது.

ஃபரீதெஸ்: அது கேஷியர் நெஃப்தாலியோடது. அவனுக்குப் பொறந்ததுலருந்தே சளி. சாப்பிடப் போயிருக்கான். எல்லாரும் சாப்பிடத்தான் போயிருக்காங்க. நீயும் போயேன்... கீழே முனைக்கடையில முட்டை ஆரெப்பா சூடா...

ஒசீரிஸ்: வேலை முடியட்டும். கொஞ்சம் நகருங்க, கூடையைப் பிடிக்கணும்.

ஃபரீதெஸ்: இதென்ன கூடை? பாவாடையைத் தலைகீழாப் பிடிச்ச மாதிரி இருக்கு.

ஒசீரிஸ்: பாவாடைதான். அகலமான வாயை சீலிங்ல காத்து வர்ற கிரில் மேல ஒட்டிப் பிடிச்சா, வர்ற காத்து மொத்தமும் துணிக்குள்ள இறங்கி, அடியில இருக்கற மீட்டரைத் தாண்டித்தான் போகணும். எவ்வளவு வருதுன்னு அது சொல்லிடும்.

ஃபரீதெஸ்: என்ன சொல்லுது?

ஒசீரிஸ்: இந்த ரூமுக்கு வர வேண்டியதைப் போல ரெண்டு பங்கு வருதுங்குது.

ஃபரீதெஸ்: கடவுள் கொடுக்கறதை வேண்டாம்னு சொல்ல நான் யாரு?

ஒசீரிஸ்: கடவுள் இல்லைக்கா, மொட்டை மாடியில இருக்கற மோட்டார். அது ஊதறது மொத்தமே இவ்வளவுதான். ஒரு சட்டி சூப்பை ஏழு பேருக்கு ஊத்தற மாதிரி வச்சுக்குங்க. உங்க கிண்ணம் வழியுதுன்னா எங்கயோ ஒரு கிண்ணம் காலியா இருக்கு.

ஃபரீதெஸ்: யார் கிண்ணம்?

ஒசீரிஸ்: உங்க முதலாளி கிண்ணம். போன வாரம் மயங்கி விழுந்தாரே, அவருது.

ஃபரீதெஸ்: அது சர்க்கரை. அவரே சொன்னார்.

ஒசீரிஸ்: அவர் சம்சாரம் தோஞ்ஞா லூதிஸ் வேற மாதிரி சொன்னாங்க. பில்டிங் மேனேஜர் மேஜையைத் தட்டி, "என் புருஷனை என்ன வாழை இலையில சுத்தி ஆவியில வேக வைக்கறீங்களா"ன்னு ஒரு ஆட்டம் ஆடியிருக்காங்க. அந்த ஆள் நடுங்கிப்போய் எனக்கு ஃபோன் பண்ணினார். இந்த மாடியைச் சரி பண்ணிக் காட்டினா மீதி மாடி வேலையெல்லாம் எனக்குத்தான்னு சொல்லியிருக்கார்.

ஃபரீதெஸ்: அப்படின்னா எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டு மீதி மாடியை வாங்கிக்கயேன்!

ஒசீரிஸ்: ஒரு மனுஷன் சுருண்டு விழுந்த ரூமுக்கா? எழுத என் கை வராதுக்கா.

ஃபரீதெஸ்: ...அவர் ரூம்ல அளந்துட்டியா?

ஒசீரிஸ்: கதவையே திறக்கலை. "எனக்குக் குளிருது, போ"ன்னு உள்ளேருந்து குரல் வந்துது. குளிருதுன்ன மனுஷன் கேன்டீன் பையன்கிட்ட பக்கெட் நிறைய ஐஸ் கேட்டு வாங்கிக்கிட்டதை நானே பார்த்தேன். சரி, ஃபைல் அலமாரிக்கு மேல இருக்கற அந்த சீலிங் பலகையைத் திறக்கணும்.

ஃபரீதெஸ்: அது வேண்டாம்!

ஒசீரிஸ்: ஏன்?

ஃபரீதெஸ்: எலி.

ஒசீரிஸ்: எலிக்கெல்லாம் நான் பயப்பட மாட்டேன்.

ஃபரீதெஸ்: பாம்பும் இருக்கு.

ஒசீரிஸ்: எலியா, பாம்பா?

ஃபரீதெஸ்: எலியைப் பிடிக்க வந்த பாம்பு.

ஒசீரிஸ்: ஆறாவது மாடிக்கா? லிஃப்ட்ல வந்துதா? அக்கா... அக்கா, ஏணியை விடுங்க, ஆடுது. விழுந்தேன்னா உங்க மடியிலதான்... ம். பலகை வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு நகருது. தினம் திறந்து மூடற கதவு மாதிரி. ஓரமெல்லாம் விரல் அழுக்கு.

ஃபரீதெஸ்: எலியோட கையா இருக்கும்.

ஒசீரிஸ்: எலி ரிப்பனும் கட்டுமா? பாருங்க, டேம்பர் கைப்பிடியை யாரோ கார்னவல் ரிப்பனால இழுத்துக் கட்டி வச்சிருக்காங்க.

ஃபரீதெஸ்: டேம்பர்னா?

ஒசீரிஸ்: தெரியாத மாதிரியே கேக்கறீங்க. குழாய்க்குள்ள ஒரு தகடு இருக்கும், வெளியில அதுக்கு ஒரு கைப்பிடி. திருப்பினா காத்து போகும், மூடினா நிக்கும். இது முதலாளி ரூமுக்குப் போற கிளைக்குழாய். ஒரு விரல் இடம் மட்டும் விட்டு மீதியை மூடியாச்சு. அவர் பங்குக் காத்துதான் இங்க வந்து உங்களுக்குக் கம்பளிச் சட்டை மாட்டிவிட்டிருக்கு. இருங்க... குழாய்க்குள்ள ஒட்டியிருக்க வேண்டிய பஞ்சையும் காணோமே?

ஃபரீதெஸ்: என்ன பஞ்சு?

ஒசீரிஸ்: சத்தத்தை உறிஞ்சறதுக்கு உள்பக்கம் ஒட்டுவாங்க. கறுப்பா, கனமா. நல்லா நீளமா உரிச்சிருக்காங்க. யாரு, எதுக்கு... அக்கா, நீங்க உக்காந்திருக்கற மெத்தை புதுசா?

ஃபரீதெஸ்: என் மருமக தைச்சுக் கொடுத்தது.

ஒசீரிஸ்: உறை மருமக தைச்சது. உள்ளே இருக்கறது? ஓரத்துல கறுப்பா எட்டிப் பார்க்குது. அரிக்கலையா?

ஃபரீதெஸ்: ...ஆரம்பத்துல அரிச்சுது.

ஒசீரிஸ்: ஃபரீதெஸ் அக்கா!

ஃபரீதெஸ்: கத்தாதே! மெதுவா பேசு. கேக்கும்.

ஒசீரிஸ்: யாருக்கு?

ஃபரீதெஸ்: முதல்ல கீழே இறங்கு. கதவைச் சாத்து. இந்த ஜூஸைப் பிடி. ...இப்ப நான் சொல்றது உன் காதோட போகணும். கார்மென் மாதா மேல சத்தியம் பண்ணு.

ஒசீரிஸ்: பண்ணியாச்சு.

ஃபரீதெஸ்: கிளாஸைக் கீழே வச்சிட்டுப் பண்ணு.

ஒசீரிஸ்: கார்மென் மாதா மேல சத்தியம். சொல்லுங்க.

ஃபரீதெஸ்: சில மாசம் முன்னாடி ஒரு நாள் மொட்டை மாடி மோட்டார் ரிப்பேராகி நின்னுபோச்சு. அன்னிக்கு ஆபீஸே நிசப்தம். திடீர்னு சீலிங்லருந்து யாரோ இருமினாங்க. நெஃப்தாலி பேய்னு நினைச்சு மேஜைக்கடியில பூந்துட்டான். எனக்கு அந்த இருமலைத் தெரியாதா? இருபது வருஷமா கேக்கற இருமல். நம்ம முதலாளி தோன் எவரிஸ்தோவோடது. ரெண்டு ரூமுக்கும் ஒரே குழாய்!

ஒசீரிஸ்: அன்னிலேருந்து ஒட்டுக்கேக்கறீங்க.

ஃபரீதெஸ்: ஒட்டுக்கேக்கறதா? அவரா வந்து நம்ம காதுல விழறார். ஆனா மோட்டார் ஓடினா காத்து 'உஸ்ஸ்'னு இரையுது, பாதி வார்த்தை போயிடுது. அதான் நெஃப்தாலி மேல ஏறி அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் மூடினான். அப்புறம் இன்னும் கொஞ்சம். பஞ்சை எடுத்ததும்... ஆகா, ரேடியோ மாதிரி ஆயிடுச்சு.

ஒசீரிஸ்: அப்படி என்ன பெரிய நாடகம் ஓடுது அந்த ரேடியோவுல?

ஃபரீதெஸ்: சிரிக்காதே. எங்க பொழப்பே அதுலதான் இருக்கு. இந்த ஆபீஸை மூடிட்டு எல்லாரையும் பொகோதாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு அங்க இருக்கற பெரிய ஆட்கள் நெருக்கறாங்க.

ஒசீரிஸ்: பொகோதாவுக்கா? அந்தக் குளிர்லயா?

ஃபரீதெஸ்: பார்த்தியா, உனக்கே மேல் சிலிர்க்குது! இங்க துறைமுகத்துல சரக்கு எடுத்துவிடற ஆபீஸுக்கு மலை உச்சியில என்ன வேலை? அங்க கப்பல் என்ன பறந்தா வரும்? அதைத்தான் தோன் எவரிஸ்தோ தினமும் சாப்பாட்டுக்கப்புறம் ஃபோன்ல அவங்களோட சண்டை போட்டுக் கேக்கறார். எங்களுக்காக!

ஒசீரிஸ்: அவர் அங்க வெந்துக்கிட்டு உங்களுக்காகச் சண்டை போடறார். நீங்க இங்க அவர் காத்தையும் வாங்கிக்கிட்டு அதைக் கேக்கறீங்க.

ஃபரீதெஸ்: எங்களுக்கு மனசாட்சி இல்லைன்னு நினைச்சியா? எல்லாரும் சேர்ந்து டேபிள் ஃபேன் வாங்கி வச்சோம். தினமும் இளநி. அவர் விழுந்தார் பாரு, அன்னிக்கே நானே ஏறி ரிப்பனை அவிழ்த்துட்டேன்.

ஒசீரிஸ்: கட்டித்தானே இருக்கு?

ஃபரீதெஸ்: அதான் அதிசயம். காலையில வந்து பார்த்தா மறுபடி கட்டியிருக்கு. மறுபடி அவிழ்த்தேன். மறுபடி கட்டு. நெஃப்தாலியைப் பிடிச்சு உலுக்கினேன், "நான் இல்லை, நான் இல்லை"ன்னு அழறான்.

ஒசீரிஸ்: உங்க முடிச்சு எப்படி இருக்கும்?

ஃபரீதெஸ்: ஷூவுக்குப் போடற மாதிரிதான். ஏன்?

ஒசீரிஸ்: மேல இருக்கறது ஷூ முடிச்சு இல்லை. ஆத்துல படகு கட்டறவங்க போடற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

ஃபரீதெஸ்: நெஃப்தாலிக்குப் படகுல ஏறினாலே வாந்தி வரும்... உஷ்! குரல் வந்துடுச்சு, வந்துடுச்சு! இன்னிக்கு மத்தவங்க திரும்பறதுக்கு முன்னாடியே! கிரில் கீழே வா. மூச்சு விடாதே.

எவரிஸ்தோ: ஹலோ! பொகோதாவா? ...ஆமா, நான்தான்! ...முடியாதுய்யா! எத்தனை தடவை சொல்றது? ...என்னது? ஃபரீதெஸையா? அவளை மலை மேல கொண்டுபோய் வச்சுட்டு நான் இங்க யாரை வச்சு ஆபீஸ் நடத்தறது? அவ இல்லைன்னா இந்தத் துறைமுகத்துல ஒரு பெட்டி நகராது, தெரியுமா உங்களுக்கு? ...கேக்கலையா? சரி, இன்னும் சத்தமாச் சொல்றேன்! அவ இல்லைன்னா ஒரு பெட்டி நகராது! ...நெஃப்தாலி? தங்கமான பையன்! சளி இருந்தா என்ன, கைசுத்தம்! ...நாளைக்கு முடிவு சொல்றீங்களா? சொல்லுங்க! நான் பயந்தவன் இல்லை!

ஒசீரிஸ்: ரொம்பக் கத்தறாரே.

ஃபரீதெஸ்: பொகோதா தூரம் இல்லையா?

ஒசீரிஸ்: ஃபோன்ல என்னக்கா தூரம்? அதுவும் நேரா கிரிலுக்குக் கீழே நின்னு, மேல பார்த்துப் பேசற மாதிரி... அழறீங்களா?

ஃபரீதெஸ்: குளிர்ல கண்ணு கலங்குது.

ஒசீரிஸ்: அக்கா, அழுகையோ குளிரோ, இந்த டேம்பரை நான் திறந்தே ஆகணும்.

ஃபரீதெஸ்: நாளைக்குத் திற! நாளைக்கு முடிவுன்னு நீயும்தானே கேட்ட? ஒரே ஒரு நாள்...

ஒசீரிஸ்: அதுக்குள்ள மறுபடி விழுந்தார்னா? தலை மேஜை முனையில பட்டுதுன்னா?

ஃபரீதெஸ்: அவர் ரூமைப் பார்த்துட்டு வா முதல்ல. இந்தா, இந்தக் காபியை எடுத்துக்கிட்டுப் போ. ஃபரீதெஸ் கொடுத்தனுப்பினான்னு சொல்லு, கதவு தானாத் திறக்கும்.

*

எவரிஸ்தோ: ஃபரீதெஸ் கொடுத்த காபியா? வா, உள்ளே வா... ஏய்! நீ அந்தக் காத்துப் பொண்ணு!

ஒசீரிஸ்: என் பேரு ஒசீரிஸ். காபி நிஜமாவே அவங்க கொடுத்ததுதான். அம்மாடி... உள்ளே நுழைஞ்சா ரொட்டி அடுப்புக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கே!

எவரிஸ்தோ: எனக்குக் குளிருது.

ஒசீரிஸ்: காலு பக்கெட்டுக்குள்ள இருக்கு. பக்கெட்ல ஐஸ் இருக்கு.

எவரிஸ்தோ: மூட்டுவலிக்கு வைத்தியம்.

ஒசீரிஸ்: சட்டையைப் பிழிஞ்சா இன்னொரு பக்கெட் ரொம்பும்.

எவரிஸ்தோ: ஒரு முதலாளியோட சட்டையைப் பத்திப் பேசற அளவுக்கு... மேல எதுக்கு அந்தத் துணியைத் தூக்கறே?

ஒசீரிஸ்: அளக்கறேன். பாருங்க. மீட்டர் அசையவே மாட்டேங்குது. என் பாட்டில் மூடியைத் திறந்தா இதைவிட அதிகமாக் காத்து வரும்.

எவரிஸ்தோ: உன் மீட்டர் ரிப்பேர்.

ஒசீரிஸ்: பக்கத்து ரூம்ல முள்ளு எகிறுச்சே. போய்த் திறந்து விட்டுட்டு வர்றேன், அஞ்சு நிமிஷத்துல உங்களுக்கு...

எவரிஸ்தோ: திறக்காதே!

ஒசீரிஸ்: ஏன்?

எவரிஸ்தோ: சத்தம் வரும்.

ஒசீரிஸ்: காத்து வந்தா கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்.

எவரிஸ்தோ: அதான் வேண்டாங்கறேன். அப்புறம்... மெதுவா பேசு.

ஒசீரிஸ்: நீங்களுமா!

எவரிஸ்தோ: "நீங்களுமா"ன்னா? வேற யாரு உன்னை மெதுவா பேசச் சொன்னது?

ஒசீரிஸ்: யாருமில்லை. ...சுவத்துல மாட்டியிருக்கற படத்துல யாரு, படகோட நிக்கறாரே?

எவரிஸ்தோ: எங்கப்பா. மக்தலேனா ஆத்துல சாகற வரைக்கும் படகு ஓட்டினவர். நீரோட்டத்தை எதிர்த்துக்கிட்டு ஒத்தை ஆளா வாழைத்தார் ஏத்திட்டு வருவார்.

ஒசீரிஸ்: உங்களுக்கும் சொல்லிக் கொடுத்தாரா, முடிச்செல்லாம்?

எவரிஸ்தோ: பின்னே? கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவேன்! வெள்ளமே வந்தாலும் அந்த முடிச்சு அவிழாது. ஏன் கேக்கறே?

ஒசீரிஸ்: எல்லாரும் வீட்டுக்குப் போனதும் பக்கத்து ரூமுக்குப் போய், இந்த வயசுல, ஃபைல் அலமாரி மேல ஏறி...

எவரிஸ்தோ: அலமாரி மேல ஏற என் முட்டி எங்க விடுது? நாற்காலி மேலதான்...

ஒசீரிஸ்: ம்?

எவரிஸ்தோ: ...காபி ரொம்ப நல்லாருக்கு.

ஒசீரிஸ்: தோன் எவரிஸ்தோ, உங்க காத்தை நீங்களே கட்டிப் போட்டீங்களா?

எவரிஸ்தோ: முதல்ல கட்டினது அவங்க. அவிழ்ந்து போனதை நான் திரும்பக் கட்டினேன். அவ்வளவுதான். நான் மயங்கி விழுந்த அன்னிக்கு திடீர்னு சில்லுன்னு காத்து வந்து விழுந்துது... எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. ஐயோ, இனிமே அவங்களுக்குக் கேக்காதேன்னு.

ஒசீரிஸ்: அவங்க கேக்கறது உங்களுக்குத் தெரியுமா!

எவரிஸ்தோ: மெதுவா! தெரியாமலா தினமும் கிரிலைப் பார்த்துக் கத்தறேன்? தொண்டை புண்ணாயிடுச்சு.

ஒசீரிஸ்: சரி, பொகோதா உங்களை நெருக்கறது அவங்களுக்குத் தெரியணும்னு நினைச்சீங்க. நியாயம்தான். ஆனா அதைக் கூட்டி வச்சு நேர்ல... இருங்க. என் மீட்டருக்கு சார்ஜ் போட பிளக் தேடறேன். மேஜைக்கடியில இந்த வயர் எதோடது?

எவரிஸ்தோ: அதைத் தொடாதே.

ஒசீரிஸ்: ஃபோன்லருந்து வருது. வந்து... சும்மாக் கிடக்குது. சுவத்துல சொருகவே இல்லை! கொஞ்ச நேரம் முன்னாடி பொகோதாவோட பேசினீங்களே?

எவரிஸ்தோ: பேசினேன். அவங்க பதில் சொன்னாங்கன்னு நான் எங்கயாவது சொன்னேனா?

ஒசீரிஸ்: பொகோதாவுல யாருமே இல்லையா?

எவரிஸ்தோ: எங்க தங்கச்சி இருக்கா. பேச்சுவார்த்தை கிடையாது.

ஒசீரிஸ்: மாதாவே! மாசக்கணக்கா ஆளே இல்லாத ஃபோன்ல சண்டை போட்டு, அதுக்காக வெந்து, மயங்கி விழுந்து... எதுக்காக?

எவரிஸ்தோ: உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், அது வெயில்ல கொதிக்கும். இங்க உக்காரு. ...ஒரு நாள் ஏ.சி. மோட்டார் நின்னுபோயிருந்துது. நான் இங்க கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன். மேலேருந்து என் பேரு கேட்டுது. "கிழட்டு உடும்பு"ன்னாங்க.

ஒசீரிஸ்: ஐயையோ.

எவரிஸ்தோ: அது பரவாயில்லை, வீட்டுல லூதிஸ் சொல்றதுதான். "வாயில ஒரு நல்ல வார்த்தை வராது"ன்னாங்க. "செத்தாதான் நம்ம அருமை தெரியும்"னாங்க. அப்புறம்... எதிர்ல இருக்கற ஏஜென்சில கூப்பிடறாங்களாம். கார்னவல் முடிஞ்ச கையோட எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கிட்டு அங்க போயிடலாம்னு. ஃபரீதெஸ் குரல்! ஃபரீதெஸே சொன்னா!

ஒசீரிஸ்: அப்பவே கூப்பிட்டு, "போகாதீங்க, நீங்க இல்லாம முடியாது"ன்னு சொல்லியிருக்கலாமே.

எவரிஸ்தோ: முயற்சி பண்ணலைன்னு நினைச்சியா? அன்னிக்கு சாயங்காலமே ஃபரீதெஸைக் கூப்பிட்டேன். எதிர்ல வந்து நின்னா. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. வாயைத் திறந்தேன். "அந்த ரசீதெல்லாம் என்னாச்சு?"ன்னு வருது! மறுபடி முயற்சி பண்ணினேன். "ஜன்னலை யார் திறந்து வச்சது?"ன்னு வருது! என் வாயே எனக்கு எதிரி.

ஒசீரிஸ்: ஃபோன்ல மட்டும் வந்துதா?

எவரிஸ்தோ: அங்கதான் யாரும் என் முகத்தைப் பார்க்கலையே. முதல் நாள் அவளைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். அப்புறம் பார்த்தா வெள்ளம் மாதிரி கொட்டுது. மறுநாள் எல்லாரும் என்னைப் பார்த்து சிரிச்சாங்க. இளநி வந்துது. யாரும் போகலை. நான் எப்படிம்மா நிறுத்துவேன்?

ஒசீரிஸ்: இன்னிக்கு நிறுத்தறீங்க. ஜெயிச்சிடுங்க.

எவரிஸ்தோ: யாரை?

ஒசீரிஸ்: பொகோதாவை. இப்பவே ஃபோனை எடுங்க. அவங்க ஒத்துக்கிட்டாங்க, ஆபீஸ் இங்கேயே இருக்கும்னு சொல்லிடுங்க. அப்புறம் நான் போய் ரிப்பனை வெட்டறேன்.

எவரிஸ்தோ: இவ்வளவு நாள் மல்லுக்கட்டினவங்க ஒரே நிமிஷத்துல விட்டுக் கொடுப்பாங்களா? யாரு நம்புவா?

ஒசீரிஸ்: அந்தப் பக்கம் ஆளே இல்லை. உங்ககிட்ட தோக்க அவங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?

எவரிஸ்தோ: நாளைக்குப் பண்றேனே... நெஃப்தாலியைப் பத்தி இன்னும் சரியா நாலு வார்த்தை சொல்லலை...

ஒசீரிஸ்: பக்கெட்ல ஐஸ் கரைஞ்சு வெந்நீர் ஆயிட்டிருக்கு. எடுங்க ஃபோனை.

எவரிஸ்தோ: ...ஹலோ! பொகோதாவா? ...ஆமா. ...என்ன சொன்னீங்க? ...திருப்பிச் சொல்லுங்க! ...ஆபீஸ் இங்கேயேவா? ஒருத்தரும் வர வேண்டாமா? ...அப்படி வாங்க வழிக்கு! நான்தான் முதல்லேருந்தே சொல்றேனே, இவங்களை மாதிரி ஆட்களை நீங்க நாடு முழுக்க வலை போட்டாலும்... ஆங்? ...உங்க சம்சாரம் சௌக்கியமா? அப்படியா? மூட்டுவலிக்கு ஐஸ்ல காலை...

ஒசீரிஸ்: போதும்! வைங்க!

எவரிஸ்தோ: ...வச்சுட்டேன். நல்லா இருந்துதா?

ஒசீரிஸ்: மேல கேளுங்க. நாற்காலியெல்லாம் உருளுது. யாரோ தகரத்தைத் தட்டிப் பாடறாங்க.

எவரிஸ்தோ: நெஃப்தாலி. பையனுக்குக் குரல் நல்லா இருக்கு... சளி இருந்தும்.

ஒசீரிஸ்: இதான் கடைசி. இனிமே ஏதாவது சொல்லணும்னா அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு நடந்து போய்ச் சொல்லணும்.

*

ஃபரீதெஸ்: கூப்பிட்டீங்களாமே, தோன் எவரிஸ்தோ... அட! இந்த ரூம்லயா இவ்வளவு காத்து?

ஒசீரிஸ்: உள்ளே வாங்கக்கா, கதவைச் சாத்துங்க. திறந்து வச்சா என் அளவு மாறிடும். இந்த ஒரு டேம்பரைத் திறந்ததும் மத்த எல்லா ரூமும் இளைச்சுப்போச்சு. கடைசி ரூம்லருந்து ஒவ்வொண்ணாத் திருகி, திரும்ப முதல்லேருந்து அளந்து, திரும்பத் திருகி... இப்பதான் ஏழு கிண்ணமும் சமமா இருக்கு. உங்க மெத்தையைப் பிரிச்சுப் பஞ்சையும் உள்ளே ஒட்டியாச்சு.

ஃபரீதெஸ்: பார்த்தேன். உறையை மட்டும் மடிச்சு வச்சிருந்தியே.

எவரிஸ்தோ: இரைச்சலே இல்லையே?

ஒசீரிஸ்: சரியாப் பங்கிட்டா இவ்வளவுதான் சத்தம். ரிப்பனுக்குப் பதிலா திருகாணி போட்டு இறுக்கிட்டேன். முடிச்செல்லாம் இனிமே செல்லாது.

ஃபரீதெஸ்: நான் கம்பளிச் சட்டையைக் கழட்டிட்டேன், கவனிச்சீங்களா? நெஃப்தாலி மஃப்ளரை ஜன்னல் வழியா வீசப் போனான், நான்தான் பிடுங்கி வச்சேன்.

எவரிஸ்தோ: ம். ...ஃபரீதெஸ்.

ஃபரீதெஸ்: சொல்லுங்க.

எவரிஸ்தோ: வந்து... நேத்து வந்த அந்த ரசீதெல்லாம் என்னா...

ஒசீரிஸ்: ம்க்கும்!

எவரிஸ்தோ: இரு, இரு. மூச்சு வாங்கிக்கறேன். ...ஃபரீதெஸ், நீ இல்லைன்னா இந்த ஆபீஸ்ல... ஒரு பெட்டி... நகராது. சொல்லிட்டேன்! ஒசீரிஸ், சொல்லிட்டேன், பார்த்தியா?

ஒசீரிஸ்: பார்த்தேன், பார்த்தேன். நிறுத்தாதீங்க.

எவரிஸ்தோ: இன்னொண்ணும் சொல்லணும். கோபப்படாதே. பொகோதாவுலருந்து யாரும்... அதாவது, அந்த ஃபோன்...

ஃபரீதெஸ்: அந்த ஃபோனுக்கு லைனே கிடையாது.

எவரிஸ்தோ: ...உனக்கு எப்படித் தெரியும்?

ஃபரீதெஸ்: போன வருஷக் கடைசியில, "எல்லாரும் கைபேசில பேசறாங்க, இது தண்டச் செலவு, வெட்டிவிடு"ன்னு சொன்னது நீங்க. ஃபோன் கம்பெனிக்குச் சொல்லி வெட்டினது நான். வயரைச் சுவத்துலருந்து பிடுங்கினதும் இதே கைதான்.

எவரிஸ்தோ: அப்படின்னா முதல் நாளே...

ஃபரீதெஸ்: முதல் "ஹலோ"லயே தெரியும்.

ஒசீரிஸ்: அக்கா! என்னையும் சேர்த்து ஏமாத்தினீங்களா? எங்கிட்ட அழுதது?

ஃபரீதெஸ்: அழுதது நிஜம். இத்தனை வருஷத்துல இவர் வாயிலேருந்து என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை கேட்டதில்லை. செத்த ஃபோன்ல சொன்னா என்ன, உயிரோட இருக்கற ஃபோன்ல சொன்னா என்ன, சொல்றது என்னைப் பத்தித்தானே? மத்தவங்ககிட்டயும் மூச்சு விடலை. தினமும் சாப்பாட்டை அவசர அவசரமா முழுங்கிட்டு ஓடிவந்து எல்லாரும் கிரில் கீழே நிப்போம். இன்னிக்கு நம்ம பேரு வருமா, வருமான்னு.

எவரிஸ்தோ: நான் ஒரு முட்டாள், ஃபரீதெஸ்.

ஃபரீதெஸ்: மயங்கி விழற அளவுக்கு முட்டாள்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ரிப்பனை எரிச்சிருப்பேன்.

எவரிஸ்தோ: இருந்தாலும் நீங்க யாரும் என்னை விட்டுட்டுப் போகலையே. எதிர்ல இருக்கற ஏஜென்சில அவ்வளவு ஆசை காட்டிக் கூப்பிட்டும், இந்தக் கிழவனுக்காக இங்கேயே நின்னீங்களே... அதுக்கு நான் என்ன கைம்மாறு...

ஃபரீதெஸ்: தோன் எவரிஸ்தோ...

எவரிஸ்தோ: இல்லை, சொல்ல விடு! இப்பதான் வாய் வருது. அன்னிக்கு உன் குரலை நான் என் காதாலயே கேட்டேன். கார்னவல் முடிஞ்சதும் எல்லாரும் போறதா முடிவு பண்ணினீங்க. ஆனா போகலை!

ஃபரீதெஸ்: எங்களை யாருமே கூப்பிடலை, தோன் எவரிஸ்தோ. உங்க இருமல் எங்களுக்குக் கேக்குதுன்னா எங்க பேச்சும் உங்களுக்குக் கேக்கும்னு நெஃப்தாலி மேஜைக்கடியிலேயே உக்காந்து கண்டுபிடிச்சான்... அப்புறம்தான் நாங்க ஒவ்வொருத்தரா நாற்காலி மேல ஏறி, வாயை கிரில்கிட்ட வச்சுக்கிட்டு, முறை போட்டு அதையெல்லாம் கத்தினோம்.